விரால் தொட்டியும் வாதாங்கொட்டை இலையும்

இலையை வேகவைத்து ஊற்றினால் சீக்கு வந்த மீன் பிழைத்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என் மீன் பிழைத்தது. அப்படியும் சொல்கிறேன், நம்பாதீர்கள். போன வாரம்கூட ஒருவன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். அதில் யாரோ ஒருவர் இயற்கை வைத்தியம், ஒரு கெடுதலும் கிடையாது, ஒரு கைப்பிடி இலை போதும் என்று பேசிக்கொண்டிருந்தார். யாருடைய கைப்பிடி என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கிளம்பு என்றேன்.

நான் செய்ததை, செய்த தப்போடு சேர்த்துச் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு உங்கள் மீனுக்கு என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூருக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே. வீட்டுக்குப் பின்னால் ஒரு காலிமனை. மாமனார் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப்போனது. மூத்தவர் என் வீட்டுக்காரர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பதைவிடத் துறைமுக வாசல் வரிசையில் நிற்கிறார் என்று சொல்வதுதான் சரி. இளையவன் என் கொழுந்தன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். போனால் பத்து நாள் கடல், வந்தால் நாலு நாள் கரை.

மனையை டிரெய்லர் நிறுத்த வாடகைக்கு விடலாம் என்பது கொழுந்தனின் யோசனை. எனக்கு வேறு யோசனை இருந்தது. நான் இருபது வருஷம் காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் உட்கார்ந்தவள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, பிறகு நகமே கழன்றது. அதோடு அந்த வேலையை விட்டேன். செங்குன்றத்தில் ஒருவர் தார்ப்பாய்த் தொட்டியில் விரால் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து, மனையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் சண்டை. கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. ஒரு போகம் நான் வளர்த்துக் காட்ட வேண்டும். மீன் தேறினால் மனை தொட்டிக்கு. தேறாவிட்டால், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகும் அன்று பின்சுவரை இடித்து டிரெய்லருக்குக் கேட் வைக்க வேண்டும். அந்தப் பேச்சை ஒப்புக்கொண்டவள் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மூன்று தொட்டி போட்டேன். வட்டமாக இரும்பு வலை நிறுத்தி, உள்ளே கெட்டித் தார்ப்பாய். என் நெஞ்சு உயரம். விரால் எகிறிக் குதிக்கும் என்பதால் மேலே பழைய வலையைக் கட்டினேன். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் நாற்றம். லாரித் தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் வெயிலில் வைத்து, நாற்றம் போன பிறகு போர் தண்ணீரோடு கலந்து விடுவேன். அதில் கட்டைவிரல் நீளக் குஞ்சுகளை விட்டேன்.

எங்கள் சொந்தத்தில் எல்லோருமே கடல்காரர்கள். ராயபுரத்தில் என் பிறந்த வீட்டில் தொட்டி மீனைத் தின்ன மாட்டார்கள், தின்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மீன் என்றால் கடலில் தானாகக் கிடப்பது, வலை போட்டு எடுப்பது. அதற்குத் தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் அவர்களுக்குக் கிறுக்குத்தனம். கொழுந்தன் கரைக்கு வரும்போதெல்லாம் தொட்டிப் பக்கம் வந்து, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போச்சா, யூனிபார்ம் தெச்சியா என்று கேட்டுவிட்டுப் போவான்.

ஆனால் எங்கள் பக்கத்திலேயே ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மட்டும் விரால் தேடுவார்கள். விரால் குழம்பு தின்றால் காயம் சீக்கிரம் ஆறும் என்று நம்பிக்கை. ஆறுமோ ஆறாதோ, எனக்குத் தெரியாது. உயிரோடு வேண்டும் என்று கேட்பார்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அதை நம்பித்தான் நான் இறங்கினேன்.

ஐந்தாவது மாதம் சீக்கு வந்தது. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. விரால் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டு டுபுக்கென்று கீழே போகும். அன்று காலையில் தீனி போட்டபோது பத்துப் பதினைந்து மீன் கீழே போகாமல் ஓரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு தொங்கியது. ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். விலாவில் பொட்டு வைத்த மாதிரி சிவப்பு. மூன்றாம் நாள் அந்த இடத்தில் செதில் கொட்டிச் சதை தெரிந்தது. வால் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. காயம் ஆறத் தின்கிற மீனுக்கே காயம்.

இங்கே என் முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சாக இருக்கும்போதும் இந்த வால் கரைகிற சீக்கு கொஞ்சம் வந்தது. கோழித்தீவனம் விற்கும் கடை அண்ணாச்சி ஒரு மஞ்சள் பவுடர் கொடுத்தார். கோழிக்குப் போடுகிற ஆன்டிபயாட்டிக். தண்ணீரில் கலக்கினேன், கேட்டது. அதிலிருந்து மீன் கொஞ்சம் சோம்பினாலும் ஒரு ஸ்பூன், மழை பெய்தால் ஒரு ஸ்பூன். குணமானதும் நிறுத்திவிடுவேன். நமக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு மாத்திரை போட்டு மூன்றாவதை டப்பாவில் வைத்துவிடுகிறோமே, அதே மாதிரி. இப்போது அதே பவுடரை இரட்டிப்பாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தினமும் ஏழெட்டு செத்தது.

அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து நின்று எல்லாத் திட்டையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கோழியப் பத்திக் கேளுங்க, சொல்லுதேன். மீனப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? நீங்க கேட்டீங்க, குடுத்தேன்" என்றார். அதற்கு மேல் என்ன திட்டுவது? மாதவரம் பக்கம் மீன் சீக்குக்குப் பரிசோதனை செய்கிற அரசாங்க இடம் ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார்.

பெயின்ட் வாளியில் இரண்டு மீனைப் போட்டு ஷேர் ஆட்டோவில் போனேன். வழியில் ஒரு மீன் வாளிக்குள் துள்ளி, பக்கத்தில் இருந்த அம்மாவின் புடவையில் தண்ணீர் தெறித்தது. அந்த அம்மா மூலக்கடை வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் விடவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண். கண்ணாடி போட்டிருந்தது. என் மகளாக இருக்க வேண்டிய வயது. மீனை அறுத்து, புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு, மூன்று நாள் கழித்து வாங்கக்கா என்றது. மூன்று நாளில் எத்தனை சாகும் தெரியுமா என்று கத்தினேன். கிருமி வளரணும்க்கா, நான் சொன்னா அது சீக்கிரம் வளராது என்றது. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பொய்யாகச் சமாதானம் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டியது. தட்டு முழுக்க மெல்லிசாகத் தயிர் ஆடை படிந்த மாதிரி இருந்தது. அதுதான் என் மீனிலிருந்து எடுத்த கிருமியாம். அதன் மேல் பொட்டு பொட்டாகக் காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, வெறும் வட்டம் தெரியும். என் மஞ்சள் பவுடர் இருந்த பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி அதை ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுப் பழக்கிவிட்டேன்.

இன்னொரு மருந்து வேலை செய்யும் என்று அந்தப் பெண் சொன்னது. ஆனால் அதைப் போட்டால் பல வாரம் மீனை விற்கக் கூடாது. என் மீனை வாங்கப்போகிறவர்கள் ஆபரேஷன் ஆனவர்கள். இப்போதுதான் வயிற்றைத் தைத்துக்கொண்டு வந்து படுத்திருப்பவர்கள். அவர்கள் தட்டில் மருந்து ஊறிய மீனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி சொல்லு என்றேன்.

அது உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துவந்தது. மாணவர்கள் இலைச் சாறு வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். அதே கிருமிதான். பழுப்பு நிறப் பொட்டு ஒன்றைச் சுற்றி வட்டம் இருந்தது. பெரிய வட்டம் இல்லை, ஆனால் இருந்தது. என்ன இலை என்று கேட்டேன். வாதாங்கொட்டை, நாட்டு பாதாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் சந்து முனையில், பெரிய சாலையை ஒட்டி நிற்கிற மரம் அது. அதன் கீழே லாரிக்காரர்கள் ஒண்ணுக்கு அடிப்பார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தட்டுல வட்டம் வந்துச்சுன்னா தொட்டில மீன் பிழைச்சிரும்னு அர்த்தம் இல்லக்கா" என்றது. அங்கே இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி, ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து எடுக்கிறார்கள். வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அவ்வளவு காரம் வராது. வேண்டுமானால் முயற்சி செய்து பார்க்கலாம், ஆனால் முதலில் ஒரு வாளியில் இரண்டு மீனை விட்டு ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். பவுடரை அடியோடு நிறுத்த வேண்டும். ஒரு தொட்டிக்கு இலைத் தண்ணீர், இன்னொரு தொட்டிக்கு வெறும் தண்ணீர் மாற்றம் மட்டும். அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். எது வேலை செய்தது என்று உனக்குத் தெரிவதற்காக என் ஒரு தொட்டி மீனைச் சாக விடணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வந்த கையோடு சாக்கை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போனேன். மரத்தடியில் உதிர்ந்த இலையெல்லாம் பொறுக்கினேன். ஒரு சாக்கு. வீட்டில் ஒரு முறை தண்ணீரில் முக்கி எடுத்து, விசேஷத்துக்குச் சோறு வடிக்கும் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தேன். தடைக்காலம் தொடங்கிவிட்டதால் கொழுந்தன் அன்றுதான் கடைசி நடை முடிந்து கரைக்கு வந்திருந்தான். அண்டாவைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"இன்னா அண்ணி, மீனுக்கு ரசம் வெச்சிகினு கீற?"

என் வீட்டுக்காரர் அவனிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஆல்கஹால் விஷயம் உட்பட.

"சரக்குல ஊறவெக்கணுமாமே. குவார்ட்டரா, ஆஃபா? சொல்லு, நான் வாங்கியாறேன். மீனுக்குப் பாதி, எனக்குப் பாதி."

"போடா அந்தாண்ட."

"எதுக்கு இந்தப் பேஜாரு? செத்ததை அறுத்து உப்பு போட்டு கருவாடு ஆக்கு. கேட் வெக்கற வேலையாவது சட்டுனு முடியும்."

கேட் என்று அவன் சொன்னதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாளியில் இரண்டு மீனை விட்டு ஒரு நாள் பார் என்று அந்தப் பெண் சொன்னது காதில்தான் இருந்தது. அதைச் செய்ய அப்போது எனக்குப் பொறுமை இல்லை. அவன் கண்ணெதிரில் ஆறவைத்த தண்ணீரை மொண்டு மொண்டு முதல் தொட்டியில் ஊற்றினேன். நல்ல கறுப்பு. இலைக்குக் காரம் அதிகம் போல என்று சந்தோஷப்பட்டேன்.

அரை மணி நேரத்தில் தொட்டி மேல் எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படிந்தது. மீன் காற்றுக் குடிக்க மேலே வந்தது, வாயைத் திறந்தது, கீழே போகவில்லை. எல்லாம் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. புண் வந்ததும் வராததும் ஒன்றாக. நான் என்ன செய்வதென்று தெரியாமல் தொட்டியைச் சுற்றி ஓடினேன்.

கொழுந்தன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். எனக்கு மீனைப் பிடிக்கத் தெரியாது என்பதே அன்றுதான் தெரிந்தது. நான் வலையில் அள்ளுவேன், மீன் வலையில் அடித்துக்கொண்டு இன்னும் செதில் உதிரும். அவன் கையை அடியில் கொடுத்து, மீனின் வயிற்றோடு சேர்த்துத் தூக்கி, மூன்றாவது தொட்டிக்குள் வழுக்கி விட்டான். அங்கே இருந்ததெல்லாம் முன்பே செத்துத் தீர்ந்து, புதுத் தண்ணீர் மட்டும்தான் நின்றது. ஒன்றுகூட அடித்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் உதட்டை விரலால் துடைத்து விரலைக் காட்டினான்.

"அண்ணி, இது இலை இல்ல. கரி."

வெளியே வந்து அண்டாவின் அடியில் கையை விட்டு வழித்தான். படகின் எஞ்சின் அறையில் அடியில் தேங்குமே, அந்த மாதிரி கறுப்புச் சேறு கை நிறைய வந்தது. நிலக்கரித் தூள், டயர்த் தூள், புகை, எது எதுவோ. சாக்கில் மிச்சமிருந்த ஓர் இலையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரல் போன வழியில் மட்டும் இலையின் நிறம் தெரிந்தது.

எனக்கு அது ஏன் தெரியவில்லை? தினமும் காலையில் நான் துடைக்கிற தரையில் அதே கறுப்பு. மொட்டைமாடியில் துணி காயப்போட முடியாது. மூக்கைச் சிந்தினால் கறுப்பு. எங்கள் பக்கம் இலை அப்படித்தான் இருக்கும் என்று கண் பழகிவிட்டது. அவன் பத்து நாள் கடலில் இருந்துவிட்டு வருகிறவன். ஒவ்வொரு முறை வரும்போதும், இன்னா அண்ணி வூடு இவ்ளோ கலீஜா கீது என்று கேட்பான். என்னைக் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்துச் சண்டை போடுவேன். அவன் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறான்.

பொழுது சாய்வதற்குள் முதல் தொட்டி மீனில் ஒன்பது போய்விட்டது. பரிசோதனைக் கூடத்துப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். வாளியில் சோதிக்காததையும் மறைக்கவில்லை. அது திட்டவில்லை. அந்த மரத்து இலை கழுவினாலும் வேண்டாம், அதில் என்னென்ன படிந்திருக்கிறதென்று தெரியாது, மீனுக்கு ஆகாது என்றது.

"இலை மீனுக்கு ஆகாதுன்னு சொல்லிட்ட. அந்த மரத்துக்குக் கீழ குடியிருக்கற எங்களுக்கு ஆவுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு எங்கிட்ட தட்டு இல்லக்கா" என்றது. அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கொழுந்தனையும் காணோம், அவன் வண்டியையும் காணோம். மத்தியானம் வந்தான். வண்டியில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று சாக்கு. காட்டுப்பள்ளி தாண்டிப் பழவேற்காட்டில் அவன் படகில் வேலை செய்கிறவன் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி வாதாங்கொட்டை மரமாம். ஒரு சாக்கைப் பிரித்து, ஓர் இலையை எடுத்து, தன் வெள்ளைப் பனியனில் அழுத்தித் தேய்த்துக் காட்டினான். பனியன் பனியனாகவே இருந்தது. சும்மாதான கீறேன், தடைக்காலத்துல இன்னா வேலை என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

இந்த முறை எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். இலையை மூன்று தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, கொதிக்கவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டினேன். பால் விடாத டீ மாதிரி வந்தது. வாளியில் இரண்டு மீன். கொழுந்தன் அந்த வாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னான். மறுநாள் அதே நேரத்துக்கு இரண்டும் உயிரோடு இருந்தன, ஒன்று தீனியும் எடுத்தது.

பிறகு தொட்டி. மூன்றாவது தொட்டிக்கு மாற்றிய மீனுக்கு இலைத் தண்ணீர், கொஞ்சமாக. இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் மாற்றம் மட்டும். கொழுந்தனுக்கு இது பொறுக்கவில்லை. அது இன்னா பாவம் பண்ணுச்சு, அதுக்கும் ஒரு மொண்டு ஊத்து என்று சண்டைக்கு வந்தான். அந்தப் பெண்ணிடம் நான் போட்ட அதே சண்டை. இலை இல்லாமலே ஆறுமா என்று தெரிய வேண்டாமா, தெரியாமல் போன முறை மாதிரி ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக்கொண்டிருப்பதா என்று நான் அவனிடம் கத்தினேன். கத்தும்போதே யார் மாதிரி பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவன் பழைய கொசுவலையை வெட்டி மீனைப் பிடிக்க ஒரு கைவலை பின்னினான். முடிச்சே இல்லாமல், மீனின் உடம்பில் உறுத்தாமல். தினமும் காலையில் இரண்டு தொட்டியிலிருந்தும் நாலு நாலு மீனைத் தூக்கிப் புண்ணைப் பார்ப்போம். நான் தூக்குவதற்கு அவன் விட மாட்டான். தண்ணீர் மாற்றுவது இரண்டு பேரும். இடுப்பு ஒடிந்தது. மீனின் புண்ணைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் விரல் இடுக்குதான் ஞாபகம் வரும். ஷெட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் அதை இந்த மாதிரி யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானே பார்த்ததில்லை.

ஐந்தாறு நாளில் இலைத் தொட்டியில் சாவது நின்றது. புண்ணின் ஓரம் வெளுத்து, உள்ளே சதை மூடத் தொடங்கியது. மற்ற தொட்டியில் இன்னும் சில நாள் ஒன்றிரண்டு செத்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆமாம், இலை இல்லாமலேயே நின்றது. கொஞ்சம் தாமதம், கொஞ்சம் அதிகச் சாவு, அவ்வளவுதான். ஆக, பாதி வேலையைச் சுத்தமான தண்ணீரே செய்திருக்கிறது. மிச்சத்தில் இலைக்கு எவ்வளவு, பவுடரை நிறுத்தியதற்கு எவ்வளவு, அவன் கை மீனை நோகாமல் பிடித்ததற்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணும் வந்து பார்த்துவிட்டு, ஒரு தொட்டியை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுக்கா, இன்னும் பல தடவை செஞ்சு பாக்கணும் என்றுதான் சொன்னது. இதை எழுதியதே இதற்காகத்தான். செல்போனில் பேசுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தபோது டிரெய்லர் நிறுத்தக் கேட்டிருந்த ஆள் அளக்கும் டேப்போடு வந்துவிட்டான். கொழுந்தன் வரச் சொல்லி முன்பே பேசிவைத்திருந்த ஆள்தான். நான் சமையலறையில் இருந்தேன். வெளியே போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும். மீன் நிறையச் செத்திருந்தது. முழுப் போகம் தேறியது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. தேறவில்லை என்று அவன் சொன்னால் அதற்கும் நியாயம் இருந்தது. கையில் இருந்த வெங்காயத்தை நறுக்காமல் ஜன்னல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

டேப்பின் ஒரு முனையைச் சுவரில் பிடிக்கச் சொல்லி அந்த ஆள் கேட்டான். கொழுந்தன் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கேட் எந்தப் பக்கம் வைப்பது என்று அந்த ஆள் மறுபடி கேட்டான்.

"கேட்டு எங்க மாமு வெக்கறது? அங்க தொட்டி கீது."

தொட்டியை எடுத்துவிடுவதாகத்தானே பேச்சு என்று அந்த ஆள் கேட்டதற்கு, "உள்ள மீனு கீதுல்ல. அதுக்கு இப்பதான் உடம்பு தேறிகினு வருது" என்றான்.

நான் வெங்காயத்தை நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான்.

அன்று மத்தியானம் நல்ல மீனாக ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்தேன். தட்டில் வைத்ததும் அவன் முகத்தைச் சுளித்தான். பிறந்ததிலிருந்து கடல் மீனைத் தவிர வேறு தின்றதில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, யோசித்து, மண் வாசனை இல்லை என்றான். பாராட்டு அவ்வளவுதான். மூன்று துண்டு தின்றான். என் வீட்டுக்காரர் வரிசையில் நின்றுகொண்டு போன் செய்து, எனக்கு வெச்சிருக்கீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய்தான்.

படகு போகிற அன்று அவனும் போனான். அதற்குப் பிறகு முன்பே சொல்லிவைத்தவர்களுக்கு மீன் கொடுத்தேன். பக்கத்துச் சந்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு முதலில். மருந்து போட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்காவிட்டாலும் நானே சொன்னேன். பவுடர் போட்டது எப்போது, நிறுத்தியது எப்போது, எத்தனை வாரம் ஆயிற்று, எல்லாம். பரிசோதனைக் கூடத்தில் எத்தனை வாரம் பொறுக்கச் சொன்னார்களோ அத்தனையும் பொறுத்துத்தான் கொடுத்தேன். அண்ணாச்சியும் தன் சம்சாரத்துக்கு வேண்டுமென்று ஒன்று வாங்கிப்போனார். அந்த மஞ்சள் பவுடரை இப்போதும் விற்கிறார். கோழிக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறாராம். நம்புகிறேன், பாதி.

இப்போது இரண்டாவது போகம் ஓடுகிறது. தீனி போட்டதும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் எழும்பும். அந்த நேரத்தில் தொட்டி ஓரமாக ஒரு டம்ளர் டீயோடு நின்றுகொண்டிருப்பேன். என்னை அப்போது யாரும் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் கடிப்பேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்சுவர் அப்படியே இருக்கிறது. சந்து முனை மரத்தின் இலையை வாரத்துக்கு ஒரு முறை போய்த் தேய்த்துப் பார்க்கிறேன். விரல் கறுப்பாகத்தான் வருகிறது. கண் மறுபடி பழகிவிடக் கூடாது என்று பார்க்கிறேன்.

போன நடை முடிந்து கொழுந்தன் கரைக்கு வந்தபோது வீட்டுக்குள்கூட வரவில்லை. ஐஸும் டீசலும் நாறும் சட்டையோடு, தோளில் பழவேற்காட்டிலிருந்து வரவழைத்த ஒரு சாக்கு இலையோடு, நேராகத் தொட்டிக்குப் போனான். சாக்கை இறக்கிவிட்டுத் தண்ணீரில் கையை விடப் பார்த்தான்.

"கைய கழுவிட்டு வுடு" என்றேன்.

கழுவிவிட்டு வந்தான்.